சின்னதுரையைப் பற்றிய கருத்துகள்

நொச்சிக்குளத்தில் பாதிப் பேருக்கு வலதுகைக் கட்டைவிரல் நீலமாக இருந்த அந்த வருஷத்தில்தான் ஆவுடையம்மாளின் புருஷன், பதினேழு வருஷம் எங்கெங்கோ இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன் என்று கார்டு போட்டிருந்தான். நீல விரலுக்கும் அந்தக் கார்டுக்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் விரல்தான் முதலில் வந்தது, அதனால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில், ஒற்றை அறையில் ஆவுடையம்மாள் வாடகை நூல்நிலையம் வைத்திருந்தாள். மில் ஓடுகிற நேரமெல்லாம் சுவர் அதிரும், அலமாரி அதிரும், எழுதுகிறவர்களின் கையும் அதிரும், புத்தகங்களின் மேல் மெல்லிசாக மாவு படியும். ஊரில் யார் வீட்டில் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரு தும்மல் வருவது அதனால்தான். அங்கே ஒரு சட்டம் இருந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் மைதாப் பசை தடவி ஒரு கோடு போட்ட தாள் ஒட்டியிருப்பாள். புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர், மேஜையில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கும் மைப்பேனாவால் அந்தத் தாளில் தன் கருத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த புத்தகம் கிடையாது. இலக்கியம் வளரட்டும் என்று அவள் இதைக் கொண்டுவரவில்லை. புத்தகத்தை வாங்கிப்போய் மெத்தைக்கு அடியில் போட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்து அப்படியே கொண்டுவந்து நீட்டுகிறவர்களால் மற்றவர்கள் காத்துக்கிடந்தார்கள், அந்த எரிச்சலில் கொண்டுவந்தாள்.

சட்டத்தால் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. படிக்காமலேயே கருத்து எழுத ஜனங்கள் கற்றுக்கொண்டார்கள். அருமை என்று எழுதினார்கள், மிக அருமை என்று எழுதினார்கள், முடிவு சரியில்லை என்று பொதுவாக எழுதினார்கள். எல்லாவற்றையும்விட அதிகமாகப் புழங்கியது 'ஒரு தடவை படிக்கலாம்' என்பது. படிக்காதவர்கள் அதை எழுதினார்கள், பாதியில் விட்டவர்கள் எழுதினார்கள், மூன்று தடவை படித்துவிட்டு வெளியே சொல்ல வெட்கப்பட்டவர்களும் அதையே எழுதினார்கள்.

அந்த நாவல் தென்காசிப் பழைய புத்தகக் கடையிலிருந்து மற்றப் புத்தகங்களோடு ஒரே கட்டாக வந்தது. அட்டையும் முதல் பன்னிரண்டு பக்கமும் போய்விட்டதால் பெயர் தெரியாது, எழுதியது யாரென்றும் தெரியாது. ஆவுடையம்மாள் காலண்டர் அட்டை வைத்துத் தைத்து, மேலே 'சின்னதுரை' என்று எழுதிவிட்டாள். செம்பவளக்கோட்டை ஜமீனின் இளைய வாரிசு சின்னதுரை. வெள்ளைக் குதிரை, விரலுக்கொரு மோதிரம், மீசைக்குத் தனியாக ஒரு வேலைக்காரன். அரண்மனை யானைப்பாகன் மகள் பவளவல்லியை ஒன்பதாம் அத்தியாயத்தில் கல்யாணம் செய்துகொண்டு, பத்தாம் அத்தியாயத்திலேயே ஆட வந்தவளோடு போய்விடுகிறான், அப்புறம் பாட வந்தவளோடு, அப்புறம் கலெக்டரின் தங்கையோடு, அப்புறம் கைவைத்தியம் பார்க்க வந்த விதவையோடு என்று முப்பது அத்தியாயம் திரிகிறான், அத்தனை அத்தியாயத்திலும் அவன் அன்றைக்குப் போட்டிருந்த சட்டை என்ன நிறம் என்பதை எழுதியவர் மறக்காமல் சொல்லிவிடுகிறார். நாற்பத்து மூன்றாம் அத்தியாயத்தில், மழையோடு மழையாக, திருந்தித் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். பவளவல்லி மூன்றே பக்கத்தில் மன்னித்துவிடுகிறாள்.

முதலில் அதைக் கொண்டுபோனது ஞானசௌந்தரி டீச்சர், ஹைஸ்கூலில் முப்பத்தாறு வருஷம் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றவள். திருப்பித் தந்த அன்று நின்றபடியே எழுதினாள்: 'ஒரு காமுகனின் கதை. படிக்கப் படிக்க அருவருப்பு. வாலிபப் பெண்கள் கையாலும் தொடலாகாது.' அடுத்து அதைத் தொட்டவள் செல்லக்கனி. நடுத்தெரு முருங்கை நிழலில் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள்; கையெல்லாம் இலையிலும் தூளிலும் இருப்பதால் ஒருத்தி சத்தமாகக் கதை படிப்பாள், அவள் பங்குப் பீடியை மற்ற பதினொரு பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி அவள் தட்டில் போட்டுவிடுவார்கள். செல்லக்கனிக்குக் குரல் நல்ல குரல் என்பதால் பத்து வருஷமாக அவள் ஒரு பீடிகூடச் சுற்றியதில்லை. பத்து நாள் கழித்துப் புத்தகத்தோடு வந்தவள், பன்னிரண்டு பேருக்குமாக எழுதினாள்: 'சின்னதுரை மோசமான ஆள்தான். ஆனாலும் எங்களுக்குப் பிடிச்சிருக்கு.' எழுதி முடித்து ஊத வாயைக் குவிப்பதற்குள் அது காய்ந்துவிட்டது. மேலே இருந்த டீச்சரின் மூன்று வரியும் இப்போதுதான் எழுதியதுபோல் ஈரமாக மினுங்கியது.

"யக்கா, டீச்சர் எழுதுனது இன்னும் காயலயே, பாத்தியளா?" என்றாள் செல்லக்கனி.

"மை சரியில்ல போல."

"அதே பேனாதான, நானும் எழுதுனேன்."

ஆவுடையம்மாள் தாளை வெயிலில் காட்டினாள். சைக்கிள் கடைக்காரர் காற்றடிக்கிற பம்ப்பால் ஊதிப் பார்த்தார். மில்காரர் ஒரு பிடி மாவைத் தூவினார், செல்லக்கனி தன் பங்குக்குப் பீடித்தூளைத் தூவினாள், இஸ்திரிக் கடையில் கொண்டுபோய்ச் சூடாகத் தேய்த்தும் பார்த்தார்கள். தாள் மொறுமொறுவென்று ஆனது, டீச்சரின் எழுத்து மட்டும் ஈரமாகவே இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் கோயில் வாசலில் பார்த்தவர்கள், டீச்சரின் கட்டைவிரல் நுனி நீலமாக இருப்பதையும், அவள் அதைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருப்பதையும் கவனித்தார்கள்.

பிறகு ஒவ்வொருத்தராக மாட்டினார்கள். மெடிக்கல் ஸ்டோர் லூர்துராஜ் 'பெண்கள் படிக்கும் குப்பை, நேரம் வீண்' என்று எழுதினார், காயவில்லை. முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் குதிரை சாகிற இடத்தில் அவர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுததை அப்புறம் அவர் சம்சாரமே சொன்னாள். போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் 'ஒரு தடவை படிக்கலாம்' என்று எழுதினாள், காயவில்லை. அவள் நான்கு தடவை படித்திருந்தாள். அதைப் பார்த்தும் திருந்தாமல் இன்னும் ஒன்பது பேர் அதே வரியை எழுதினார்கள், ஒன்பதும் காயவில்லை. மற்றப் புத்தகங்களில் எத்தனை பொய் எழுதினாலும் காய்ந்தது, இந்த ஒன்றில் மட்டும் மனசில் இருப்பதை எழுதினால்தான் காய்ந்தது, எழுதியவன் விரலில் ஏறிய நீலம் மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை, எலுமிச்சைக்கும் போகவில்லை. பழைய கருத்தை அடித்துவிட்டு உண்மையை எழுதினால் அந்த நிமிஷமே போய்விடும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் விரலே பரவாயில்லை என்று முக்கால்வாசிப் பேர் இருந்துவிட்டார்கள்.

ஊர் இதற்கெல்லாம் அதிகம் மெனக்கெடவில்லை. அம்மன் கோயில் பூசாரி வந்து பார்த்துவிட்டு இது தன் பக்கத்து விஷயம் இல்லை என்றார், சபைப் போதகரும் வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார். பஞ்சாயத்துத் தேர்தலுக்கு வந்திருந்த வெளியூர் அதிகாரி, 'வலதுகை நீலத்தைப் பொருட்படுத்த வேண்டாம்' என்று ஒரு தாளில் எழுதி வாக்குச்சாவடி வாசலில் ஒட்டினார். பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளைக்குப் பஜ்ஜி காப்பியோடு சின்னதுரையையும் கையில் கொடுத்து, படித்து முடித்து ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள் என்று சொல்லும் வழக்கம் வந்தது; 'சின்னதுரை செய்தது தப்பு' என்று எழுதி அது காய்ந்தால் தாம்பூலம் மாற்றுவார்கள். ஒரு மாப்பிள்ளைக்குக் காயவே இல்லை, ஆனால் பெண்ணுக்கு அவனைப் பிடித்திருந்ததால் கல்யாணம் நடந்தது, இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பால்காரர் சுடலைமுத்து ஒருநாள் தானாகவே வந்து, 'சின்னதுரை குடித்த பாலைப் போலவே என் பாலிலும் தண்ணீர் கிடையாது' என்று எழுதிவிட்டு, காயுமா என்று மதியம் வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். தாள் நிறைந்தது. ஆவுடையம்மாள் அதன் கீழே இன்னொரு தாள் ஒட்டினாள், அதன் கீழே இன்னொன்று, கடைசியில் அதை மடித்து மடித்துத்தான் புத்தகத்துக்குள் வைக்க முடிந்தது.

அத்தனை பேர் எழுதியதிலும் பெரிய சண்டை நாற்பத்து மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றியதுதான். மன்னித்தது சரி என்று ஒரு கூட்டம், மன்னித்தது தவறு என்று ஒரு கூட்டம், இரண்டு கூட்டத்திலும் நீல விரல்கள் இருந்தன. ஆவுடையம்மாள் மட்டும் எழுதவில்லை. வாங்கிப் போகிறவர்களுக்குத்தான் சட்டம், வைத்திருப்பவளுக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள். புத்தகம் வந்த வாரம் ஒரே ஒரு தடவை படித்தாள், மூடினாள், அப்புறம் தொட்டதெல்லாம் ஒட்டுத் தாள் ஒட்டுவதற்குத்தான். ஏன் எழுதவில்லை என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவள் புருஷன் குற்றாலிங்கத்தை எல்லாருக்கும் தெரியும்.

குற்றாலிங்கம் பிரஷர் குக்கர் கம்பெனியில் ஆளாக இருந்தவன். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு முன்னால் குக்கரில் சோறு வைத்துக் காட்டுகிற வேலை. அந்தக் காலத்தில் குக்கர் வெடித்துவிடும் என்று எல்லாருக்கும் பயம். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பவுடர் மணக்க, "மூணு விசில், அவ்வளவுதான் தாயீ, அதுக்கு மேல வச்சா குழைஞ்சிரும்" என்று சிரிக்கிற சிரிப்பில் பயம் போய்விடும். தெருமுனையில் வரும்போதே குக்கர் மாதிரி விசிலடிப்பான், ஆவுடையம்மாள் அடுப்படியில் இருந்தபடியே சிரிப்பாள். நான்கு வருஷம் சிரித்தாள். ஐந்தாம் வருஷம் ராஜபாளையத்துக்குச் சோறு வைத்துக் காட்டப் போனவன் அங்கே ஒருத்தியோடு இருந்துவிட்டான், அப்புறம் கம்பத்தில் ஒருத்தி, அப்புறம் எங்கே என்று சொல்ல வந்தவர்களை ஆவுடையம்மாள் சொல்லவிடவில்லை.

இப்போது கார்டு. 'ஆவுடைக்கு. நலம். எனக்கு வியாதி ஒன்றும் இல்லை, நோயில் விழுந்து வருகிறேன் என்று நினைக்காதே. நான் திருந்திவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நீ சரி என்றால் இருப்பேன். குற்றாலிங்கம்.' கார்டு என்பதால் அவள் கைக்கு வருவதற்குள் போஸ்டாபீஸ் முழுக்கப் படித்திருந்தது, நாவலுக்காக இருந்த இரண்டு கூட்டமும் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு இதற்கும் தயாராக இருந்தன.

ஆவுடையம்மாளுக்குப் பயமாக இருந்தது. அவனை நினைத்து இல்லை. முதல் இரண்டு வருஷம் அவன் மேல் கொதித்த கொதிப்பு இப்போது எங்கே தேடினாலும் கிடைக்கவில்லை, அதுதான் பயம். கோபம் இருந்தால் போ என்று சொல்லிவிடலாம், ஆசை இருந்தால் வா என்று சொல்லிவிடலாம். ஒன்றுமே இல்லாமல் ஊருக்கு நடுவில் நின்றால், ஊர் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் விழுந்துவிடுவோம் என்று தோன்றியது. இந்த அறை, இந்த மேஜை, காலையில் தானே காப்பி போட்டுத் தானே குடிக்கிற அந்தக் கால் மணி நேரம், எல்லாம் வெள்ளிக்கிழமை யாரோ சொல்கிற ஒரு வார்த்தையில் போய்விடும்.

புதன்கிழமை மதியம், மில் சாப்பாட்டுக்கு நின்றிருந்த நேரத்தில், அவள் சின்னதுரையை எடுத்தாள். தாளை விரித்து, 'பவளவல்லி மன்னித்தது சரி' என்று எழுதினாள். காத்திருந்தாள். காயவில்லை. அதை அடித்துவிட்டு, 'பவளவல்லி மன்னித்தது தவறு' என்று எழுதினாள். மில் திரும்ப ஓடத் தொடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள், அதுவும் காயவில்லை. ஒரு வருஷமாகச் சுத்தமாக இருந்த அவள் கட்டைவிரல் இரண்டு தடவை நீலம் ஏறிக் கறுத்துப்போயிருந்தது. வியாழக்கிழமை வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள், அன்றைக்குக் கொஞ்சம் மெதுவாகப் பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதேகால் பஸ்ஸில் குற்றாலிங்கம் வந்தான். தலை பாதி நரைத்து, பவுடர் வாசனை இல்லாமல், துணிப்பை ஒன்றோடு வாசலில் நின்றான். சைக்கிள் கடையில் அன்றைக்கு ஏகப்பட்ட பேருக்குச் சைக்கிளில் காற்று இறங்கியிருந்தது. செல்லக்கனியும் பதினொரு பேரும் பீடித்தட்டோடு வந்து எதிர்ச்சாரி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள், டீச்சர் உள்ளே வந்து ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நல்லாருக்கியா ஆவுட?"

"இருக்கேன். வாங்க."

"கார்டு கிடைச்சுதா?"

"எல்லாருக்கும் கிடைச்சுது."

டீச்சர் தொண்டையைச் செருமினாள். "வாயால் சொன்னால் போதாது தம்பி. இங்கே அதற்கென்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. எழுதிக் காட்டும்."

"படிக்காம எழுதுனா அது கருத்து இல்ல," என்றாள் ஆவுடையம்மாள். "படிச்சுட்டு எழுதட்டும்."

அவன் மறுக்கவில்லை. மூலையில் பெஞ்சில் உட்கார்ந்து, பதின்மூன்றாம் பக்கத்தில் தொடங்கி, விரலை வரிக்குக் கீழே ஓட்டி ஓட்டிப் படித்தான். ஊரும் அவன் படிப்பதைப் படித்தது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் சிரித்தான், அந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள் என்பதால் எதிர்ச்சாரியிலும் சிரித்தார்கள். குதிரை சாகிற இடத்தில் லூர்துராஜ் எழுந்து வெளியே போய்விட்டு வந்தார். மதியம் யாரோ எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்து வைத்தார்கள், இடதுகையால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வலதுகையால் சாப்பிட்டான். ஆவுடையம்மாள் வந்தவர்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நாலரைக்கு நாற்பத்து மூன்றாம் அத்தியாயம் வந்தபோது அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான், மறுபடியும் போட்டுக்கொண்டு, ஒரே மூச்சில் முடித்தான்.

பேனாவை எடுத்தான். 'சின்னதுரை திருந்தியதை நான் நம்பவில்லை. நான் திருந்தியது நிஜம்.'

கடைசி எழுத்தைப் போட்டு முடிப்பதற்குள் முதல் எழுத்து காய்ந்திருந்தது. டீச்சர் கண்ணாடியைத் தாழ்த்திக் குனிந்து பார்த்தாள், சைக்கிள் கடைக்காரர் வந்து பார்த்தார், லூர்துராஜ் கைக்குட்டையால் ஒற்றிப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே வந்தது.

"காஞ்சிருச்சு," என்று வாசலில் யாரோ சொன்னார்கள், தெருமுனைவரை அது கை மாறிப் போயிற்று. செல்லக்கனி தன் ஆட்களில் இரண்டு பேரைப் பாயாசம் வைக்க அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள். "பெறகென்னக்கா. மனுசன் பொய் சொல்லலயே."

"நான் நம்பவில்லைதான்," என்றாள் டீச்சர். "ஆனால் காய்ந்துவிட்டது ஆவுடையம்மா. அதற்கு மேல் நாம் என்ன சொல்ல?"

மன்னிக்கக்கூடாது என்ற கூட்டமும் இப்போது தலையாட்டிக்கொண்டு நின்றது. உண்மை என்று தெரிந்துவிட்டால் அதற்குச் சரி என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஊர் மொத்தமும் நினைத்தது. அன்றைக்கு நொச்சிக்குளத்தில் அப்படி நினைக்காதவள் ஒருத்திதான் இருந்தாள், அவளுக்கும் காலையில் அது உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை. அவன் திருந்தியிருக்கிறான் என்பதில் ஆவுடையம்மாளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம், தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தேறினால் வருகிற அளவுக்குத்தான் வந்தது, அதை அவள் ஒரு நிமிஷம் நின்று கவனித்தாள்.

"புத்தகத்தைக் குடுங்க," என்றாள்.

சரியா தவறா என்பதை விட்டுவிட்டாள். பவளவல்லியையும் விட்டுவிட்டாள். மற்றவர்களைப் போல, ஒரு வாசகியாக, அந்தக் கதை தனக்கு எப்படி இருந்தது என்று மட்டும் யோசித்தாள். மில் ஓடிக்கொண்டிருந்ததால் மேஜை அதிர்ந்தது, அவள் கை அதிரவில்லை. புதன்கிழமை எழுதியதை அடித்துவிட்டு எழுதினாள்: 'படிக்கிறபோது நிறையச் சிரித்தேன். ஒரு தடவை படிக்கலாம்.'

அந்தப் புத்தகத்தில் பத்துப் பேர் எழுதி, பத்தும் காயாமல் கிடந்த வரி அது. டீச்சர் 'ஐயோ' என்பதுபோல் கையை நீட்டினாள். பேனா தாளைவிட்டு எழும்புவதற்குள், மொத்தமும் பழைய தபால் முத்திரை மாதிரி உலர்ந்து படிந்துவிட்டது. ஆவுடையம்மாள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள், அது பிறந்த நிறத்தில் இருந்தது.

குற்றாலிங்கம் எழுந்து வந்தான். குனிந்து படித்தான். தன் கட்டைவிரலை அந்த வரியின் மேல் வைத்து ஒரு தடவை தேய்த்தான், விரலைத் திருப்பிப் பார்த்தான், இன்னும் அழுத்தித் தேய்த்து மறுபடியும் பார்த்தான். ஒன்றும் ஒட்டவில்லை.

"நிறையச் சிரிச்சேன்னு போட்டிருக்க," என்றான்.

"ஆமா. அது நெசம்தான்."

"இதுவும் நெசம்தான்," என்று 'ஒரு தடவை' என்ற இடத்தில் விரலை வைத்தான்.

"இதுவும்தான்."

அவன் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினான். "பாயாசம் வச்சிருக்காவ," என்றாள் ஆவுடையம்மாள். "குடிச்சிட்டுப் போங்க. ஆறேகாலுக்கு ஒரு பஸ் இருக்கு."

இரண்டு டம்ளர் குடித்தான். பீடித்தட்டுகளுக்கு நடுவில் நின்று, நன்றாக இருக்கிறது, ஏலக்காய் கொஞ்சம் தூக்கல் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான், அவர்களும் அவனை மரியாதையாகவே அனுப்பிவைத்தார்கள். ஆறேகால் பஸ் ஸ்டாண்டைச் சுற்றித் திரும்புகிற இடத்தில், ஜன்னல் பக்கமிருந்து, குக்கர் மாதிரியே ஒரு விசில் வந்தது. பிறகு ஒன்று. பிறகு ஒன்று. ஆவுடையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்காமல் சிரித்தாள், கண்ணில் கொஞ்சம் தண்ணீரும் வந்தது.

தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. "யக்கா, இன்னொண்ணு அடிப்பாவளா?" என்று செல்லக்கனி மெதுவாகக் கேட்டாள்.

"மூணுதான்," என்றாள் ஆவுடையம்மாள். "அதுக்கு மேல வச்சா குழைஞ்சிரும்."

கதவைச் சாத்திப் பூட்டுப் போட்டு, சரியாக விழுந்ததா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.